வேலிமேல் இருந்த முகங்கள்

தண்ணீர் லாரி விடியற்காலையில் நனைத்துவிட்டுப் போன மண், வெயில் ஏறுவதற்குள் மறுபடி புழுதியாகிவிட்டது. அந்த வருடம் குயின்ஸ்லாந்தின் மேற்குப் பக்கம் முழுக்க அப்படித்தான் இருந்தது. புல் இல்லை, மேகம் இல்லை. மாடுகளை விற்றுத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் கேம்ப்டிராஃப்ட் என்கிற மாடு விரட்டும் போட்டி நடக்கிற சனி ஞாயிறு வந்தால் குதிரைகளை ஏற்றிய லாரிகள் வந்து சேர்ந்துவிடும்.

எனக்குக் கேன்டீனில் வெங்காயம் வதக்குகிற வேலை. வார நாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். வெங்காயத் தட்டின் முன்னால் நின்றால் மைதானம் முழுக்கத் தெரியும். இடது பக்கம் மாடுகளை அடைத்த சின்னப் பட்டி. நடுவில் இரண்டு கம்பங்கள். வலது ஓரத்தில் கடைசி வாசல். குதிரைக்காரர் பட்டிக்குள் ஒரு மாட்டைப் பிரித்தெடுத்து வெளியே விரட்டி, இரண்டு கம்பங்களையும் சுற்ற வைத்து, கடைசி வாசலில் கடத்த வேண்டும். பிசகினால், குதிரைமேல் இருக்கும் நடுவர் சாட்டையைச் சொடுக்குவார். அதோடு குதிரைக்காரர் வெளியே போய்விட வேண்டியதுதான்.

கேன்டீனுக்குப் பக்கத்தில் ஸ்டானேஜ் தம்பதியின் கேரவன் நிற்கும். கெல்வின் படம் எடுப்பார், நோலீன் அதைக் கணினியில் ஏற்றி விற்பாள். ஓடி முடித்தவர்கள் குதிரையைக் கட்டிவிட்டு, சட்டையில் புழுதியோடு வந்து தங்கள் படத்தைத் தேடுவார்கள். கெல்வின் முதல் கம்பத்துக்கு நேராக, வேலிக்கு உள்ளே, கவிழ்த்த எண்ணெய் டிரம் ஒன்றில் உட்கார்ந்திருப்பார். கேமராவின் பின்பக்கப் பொத்தானில் வலது கட்டைவிரல் அழுந்தியே இருக்கும். அந்த விரல் அழுந்தியிருக்கும் வரைக்கும் கேமரா ஓடுகிற உருவத்தைப் பிடித்துப் போகஸை நகர்த்திக்கொண்டே போகும். சாட்டைச் சத்தம் கேட்டால் விரலை எடுப்பார். இருபது வருடமாக அதுதான் அவர் பழக்கம்.

கூட்டத்தில் எல்லோருக்கும் அவர்மேல் ஒரு மரியாதை உண்டு. குளம்புச் சத்தத்தைக் கேட்டே எந்தக் குதிரை என்று சொல்லுவார். முதுகுக்குப் பின்னால் நின்று பேசினாலும் பேர் சொல்லித் திரும்புவார். அதைப் பெரிய திறமையாக நாங்கள் பேசிக்கொள்வோம்.

சனிக்கிழமை மதியத்துக்கு முன்னால் டாலஸ் வெதரால் கேரவன் வாசலில் வந்து நின்றாள். ஐம்பது வயதுக்காரி, குரல் பட்டி வரைக்கும் போகும்.

"நோலீன், இதைக் கொஞ்சம் பாரு. மாட்டோட கண்ணுல இமை மயிரை எண்ணலாம். என் மூஞ்சி? அவிச்ச உருளைக்கிழங்கு."

"நேர்ல பாத்தாலும் அப்படித்தான் இருக்கு டாலஸ்" என்றேன்.

"நீ வெங்காயத்தைப் பாருய்யா நெவ். கருகுது."

நோலீன் மூக்குக் கண்ணாடியை இறக்கித் திரையைப் பார்த்தாள். "கேமராவுக்கு ஒரு கண்ணு வேணும், டாலஸ். கண்ணு கெடைச்சா அதைப் பிடிச்சுக்கும். நாங்க மிருகம்னு வெச்சிருக்கோம். ஒரே படத்துல மாடு, குதிரை, நீ. உன்னை அது கணக்குலயே எடுத்துக்கல."

"கணக்குல எடுத்துக்கச் சொல்லு. காசு குடுக்கறது மாடு இல்ல."

கெல்வின் அப்போது என் மேசையில் ஸ்டேக் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். சாஸ் பாதி ரொட்டியிலும் பாதி தட்டிலும் கிடந்தது. நோலீன் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்து மெனுவைத் திறந்தாள்.

"என்ன பண்ற?"

"மனுசன்னு மாத்தறேன். போகஸ் தேடற பரப்பையும் பெருசாக்கறேன். அப்புறம் பிடிச்சதை விடாம இருக்கற அளவைக் கூட்டறேன். குறுக்க கம்பமோ மாடோ வந்தாலும் தாவாது."

"இருக்கறதை இருக்கற மாதிரி விடு நோல். கை பழகிப்போச்சு."

"டாலஸ் மட்டும் இல்ல, போன மாசமும் ரெண்டு பேர் சொன்னாங்க. சாயங்காலம் மாத்தி வெச்சுக்கலாம், ஒரு மத்தியானம் பாப்போம்."

கெல்வின் மெல்லுவதை நிறுத்தினார். "அது தப்பான ஆளைப் பிடிச்சா எனக்கு எப்படித் தெரியும்?"

"இதென்ன கேள்வி? கண்ணுல தெரியுமே. மங்கலா இருந்தா விரலை எடு, திரும்ப அமுத்து. உனக்கு நான் சொல்லித் தரணுமா?"

கெல்வின் மீதி ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டுக் கேமராவை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு போனார். அவர் விட்டுப்போன தேநீரை நான்தான் கொட்டினேன்.

மத்தியானம் காற்று மேற்கிலிருந்து வந்தது. புழுதி திரையாக எழுந்து வேலிமேல் உட்கார்ந்திருந்தவர்கள் மேல் படிந்தது. வேலியில் எப்போதும்போல் கூட்டம், இறைச்சி பஃப் தின்பவர்கள், பிள்ளைகளை மடியில் வைத்திருப்பவர்கள், தங்கள் முறைக்குக் காத்திருக்கும் ஓட்டக்காரர்கள். நடுவில் ஒருதரம் நோலீன் தண்ணீர்ப் பாட்டிலோடு கெல்வினுக்கு எதிர்ப் பக்கம் வேலியில் ஏறி, பாட்டிலை உயர்த்தி ஆட்டிக் காட்டினாள். அவர் கேமராவை இறக்கவில்லை. வேலையில் இருக்கிறார் என்று அவள் திரும்பி வந்துவிட்டாள்.

தேநீர் இடைவேளையில் கெல்வின் கார்டைக் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனார். நான் தட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். கேரவனுக்குள் நோலீன் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"நெவ், இதைப் பாரேன். வேலிமேல உக்காந்து ஜெஃப் மூக்கு நோண்டறான். முடி முடியாத் தெரியுது." இன்னும் கொஞ்ச நேரம் சிரித்தாள். பிறகு அந்தச் சத்தம் நின்றது. சுட்டியைத் தட்டும் சத்தம் மட்டும் வந்தது. தட்டுவது வேகமாகிக்கொண்டே போனது.

"நெவ். அடுப்பை அணைச்சுட்டு உள்ள வா."

போனேன். திரையில் வரிசை வரிசையாகப் படங்கள். எல்லாவற்றிலும் வேலி கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. வேலிமேல் இருந்த முகங்களில் உதட்டு வெடிப்புக்கூடத் தெரிந்தது. முன்னால் குதிரையும் ஆளும் மாடும் பழுப்புக் கறையாக இழுபட்டுக் கிடந்தார்கள். ஒன்று இரண்டு அல்ல. மத்தியானம் ஓடிய அத்தனை பேரும்.

"கேமரா தொப்பிக்குக் கீழ மூஞ்சியைத் தேடிப் பாத்துட்டு, புழுதியில கெடைக்காம வேலியில இருந்த மூஞ்சியைப் பிடிச்சிருக்கு" என்றாள். "அது புரியுது. நான் வெச்ச அளவால விடாமப் பிடிச்சிருக்கு. அதுவும் புரியுது. ஆனா இவர் பாத்துக்கிட்டே எப்படி எடுத்தாரு? முதல் படத்துலயே விரலை எடுத்திருக்கணுமே. ஒரு தடவைகூட எடுக்கல, நெவ்."

"கோவத்துல எடுத்திருப்பாரோ? நீ மாத்தினதுக்கு?"

"கெல்லா? கோவம் வந்தா வாயைத் திறப்பாரு. வேலையைக் கெடுக்க மாட்டாரு."

படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. கெல்வின் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். குளிர்ந்த தண்ணீர் பட்ட உற்சாகம் முகத்தில் இருந்தது.

"டாலஸோட ரெண்டாவது ஓட்டம் பாத்தியா? முதல் கம்பத்துக்கிட்ட மாட்டைக் குதிரைத் தோளால சாய்ச்சா பாரு. இன்னைக்கு விக்கப் போறது அதுதான்."

நோலீன் என்னைப் பார்த்தாள். பிறகு ஒரு படத்தைப் பெரிதாக்கி, திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"இதுவா?"

கெல்வின் குனிந்தார். தலையை லேசாக இடது பக்கம் சாய்த்துப் பார்த்தார். அவர் அப்படிச் சாய்ப்பதை அதற்கு முன்னாலும் பார்த்திருக்கிறேன். காது மந்தம் என்று நினைத்திருந்தேன்.

"இதேதான். குதிரையோட காது ரெண்டும் எப்படிப் படிஞ்சிருக்கு பாரு. ஊசி மாதிரி இருக்கு போகஸ்."

அந்தப் படத்தில் குதிரைக்குக் காதே இல்லை. ஈரத்துணியால் துடைத்து விட்டது மாதிரி ஒரு பழுப்பு.

"பின்னால இருக்கறது யாரு?" நோலீனின் குரல் மெலிந்துபோயிருந்தது.

"யாரோ வேலிமேல. தொந்தரவா இருந்தா வெட்டிரு."

படத்தின் நடுவில், பாட்டிலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, நேராக அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு இருந்தது நோலீன். அவள் காதுத் தோட்டின் சிவப்புக் கல்கூடத் தெரிந்தது.

"கெல். அது நான்."

வெளியே ஒலிபெருக்கி அடுத்த பெயரைக் கூப்பிட்டது. நான் வெளியே போயிருக்க வேண்டும். போகவில்லை.

கெல்வின் பலகைமேல் உட்கார்ந்தார். துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"நடுவுல ஒரு சாம்பல் துண்டு இருக்கு நோல். யாரோ கட்டைவிரலால அமுத்தின மாதிரி. எங்க பாத்தாலும் அங்க வந்துரும். ஓரமெல்லாம் நல்லாத் தெரியும். ஓரத்துல ஆடறது, அசையறது எல்லாம் தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"போன வருசம் பழைய கேமராவை லென்ஸ் போச்சுன்னு வித்தேன்ல."

"ஆமா."

"லென்ஸ் நல்லாத்தான் இருந்துச்சு."

நோலீன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அப்புறம் இத்தனை படம்? இந்த வருசம் முழுக்க மாடு குதிரை ஒண்ணுகூட மங்கல் இல்லையே! நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே, வயசாக வயசாக இவருக்குக் கண்ணு கூர்மையாகுதுன்னு."

"அது கேமராவோட கண்ணு. மிருகம்னு வெச்சுட்டா அதுவே பிடிச்சுக்கும். நான் சத்தம் வர்ற பக்கம் திருப்பினாப் போதும். ஓரத்துல புழுதி தெரியும், அதோட போவேன். கொஞ்சம் இடம் விட்டு எடுப்பேன், நீ வெட்டிச் சரி பண்ணிருவ."

"ஆளுங்களுக்குப் புழுதி பிடிக்கும், இடம் விடுன்னு சொன்னியே. அதுக்கா?"

"அதுக்குத்தான்."

"டாக்டர்கிட்ட போனியா?"

"கண்ணாடிக் கடையில பாத்தாங்க. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்தாங்க." கொஞ்சம் நிறுத்தினார். "வண்டி ஓட்டக் கூடாதுன்னாங்க."

அந்த வருடம் அவர்கள் போன மைதானங்கள் எல்லாம் என் மனதில் ஒவ்வொன்றாக வந்தன. கேரவனை இழுத்துக்கொண்டு, மாட்டு லாரிகள் ஓடுகிற ரோட்டில். ஸ்டியரிங்கில் எப்போதும் கெல்வின்தான். நோலீனுக்கு வண்டியில் ஏறினால் தூக்கம் வந்துவிடும் என்பது எல்லோரும் கிண்டல் செய்கிற விஷயம்.

"சொன்னதுக்கப்புறமும் ஓட்டின."

"வெள்ளைக் கோடு ஓரத்துலதானே வருது. அதைப் பிடிச்சுக்கிட்டே போவேன்."

"நான் பக்கத்துல தூங்கிக்கிட்டு இருந்தேன், கெல்."

"நீ தூங்கினாத்தான் எனக்கு நிம்மதியா இருக்கும்."

அவள் அவரை அடித்துவிடுவாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"ஓட்டலைன்னா படம் கெடையாது" என்றார் கெல்வின், தரையைப் பார்த்து. "படம் இல்லைன்னா நான் யாரு? ரேடியோ பக்கத்துல உக்காந்திருக்கற ஒரு ஆளு. நீ எனக்கு டீயை எங்க வெச்சிருக்கேன்னு சொல்லிக்கிட்டு இருப்ப."

"அதைச் சொல்லிட்டுப் போறேன்யா! அதுல எனக்கு என்ன கொறைஞ்சுபோச்சு?" அவள் குரல் உடைந்தது. உடைந்த இடத்தில் அப்படியே நின்றது. முகத்தில் வேறு ஏதோ வந்தது. மெல்லக் கேட்டாள்: "மார்ச்சுல, வில்கா ரோட்டுல. ஏதோ மோதிச்சே. நான் முழிச்சு என்னன்னு கேட்டேன். கங்காருன்னு சொன்ன."

கெல்வின் துண்டை மறுபடி பிரித்தார்.

"தண்ணித் தொட்டி இருந்துச்சு. பச்சைப் பெயின்ட். என் மடியில டீ கொட்டினதால ஞாபகம் இருக்கு. கங்காருதானே?"

"நோல்."

"என்ன மோதினோம்?"

"தெரியாது" என்றார். "நீ கேட்ட. எதாவது சொல்லணும்ல. கங்காருன்னேன்."

நோலீன் கொக்கியில் மாட்டியிருந்த வண்டிச் சாவியை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பிறகு பையின் வாயைக் கையால் பொத்திக்கொண்டே நின்றாள். தன்னிடமிருந்து அதை யாரோ பிடுங்கப் போவது போல.

மறுநாள் காலை கேன்டீன் திறக்கும் முன்பே என்னிடம் வந்தாள். கண்ணிமை வீங்கியிருந்தது. "வில்கா ரோட்டுக்குப் போகணும். நான் ராத்திரி தூங்கல. ஓட்டறியா?"

வெங்காயத்தை யாரிடம் விடுவது என்று யோசிப்பதற்குள் டாலஸ் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். அவளுக்கு விஷயம் தெரியாது. நோலீனின் முகத்தைப் பார்த்தாள், அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது. "போங்கப்பா. உன் வெங்காயத்தை ஒருநாளாவது கருகாமத் திங்கட்டும் ஜனங்க."

கேரவனைக் கழற்றி வைத்துவிட்டு வண்டியை மட்டும் எடுத்தோம். கெல்வின் பின் இருக்கையில் உட்கார்ந்தார். அந்த வண்டியில் அவரைப் பின்னால் பார்ப்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. காய்ந்த முல்கா மரங்கள், உழுத மாதிரி வெடித்த மண், வேலி, மறுபடி வேலி.

"எல்லாரும் கங்காருவை மோதறாங்க நோலீன்" என்றேன் ஒருதரம்.

"மோதறாங்க. மோதினது என்னன்னு அவங்களுக்குத் தெரியும்."

பச்சைத் தொட்டி ரோட்டின் வளைவில் இருந்தது. வண்டியை ஓரம் கட்டினேன். நோலீன் இறங்கி ரோட்டோரப் பள்ளத்தில் குனிந்து நடந்தாள். எலும்புகளைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நான் மறுபக்கம் தேடினேன். உடைந்த பாட்டில், டயர்த் துண்டு, வெளுத்த மாட்டுக் கொம்பு. எதுவும் இல்லையே என்று நான் ஆறுதல் படத் தொடங்கியபோது அவள் நின்றுவிட்டாள்.

வேலியின் இரும்புக் கம்பம் ஒன்றில் ஒரு நாயின் கழுத்துப்பட்டை மாட்டியிருந்தது. கீழே மண் மேடு. மேலே கற்கள் அடுக்கியிருந்தன.

தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு ஆள் இடுக்கியோடு வந்தார். நாற்பது வயதிருக்கும், நெட்டையான ஆள். "வண்டி நின்னுபோச்சா? ரேடியேட்டருக்குத் தண்ணி வேணும்னா தொட்டியில எடுத்துக்குங்க."

"இது யாரோட நாய்ங்க?" என்றாள் நோலீன்.

"என்னுது. டிப்புன்னு பேரு. மாடு ஓட்டறதுல இந்தப் பக்கத்துல அதை அடிச்சுக்க ஆள் கெடையாது." அவர் பேர் ரஸ் என்றார். கை கொடுக்க வந்தவர் எங்கள் வண்டியைப் பார்த்தார். வெள்ளை வண்டி. முன்னால் புல்பார் என்கிற இரும்புத் தடுப்பு, அதில் ஒரு மூலை உள்ளே வளைந்திருந்தது. கையை அப்படியே இறக்கினார்.

பின் கதவு திறந்தது. கெல்வின் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கி, சத்தம் வந்த பக்கமாகத் திரும்பி நின்றார்.

"நான்தான்" என்றார். "ஓட்டினது நான்."

ரஸ் அவரை மேலும் கீழும் பார்த்தார். இடுக்கியை இடுப்பில் சொருகினார்.

"நாய் ரோட்டுல அடிபடும். எனக்குத் தெரியும். நானே அடிச்சிருக்கேன், இறங்கிப் போய்க் கதவைத் தட்டிச் சொல்லியிருக்கேன். நீ நிக்கல. அதைக்கூட விட்டுருவேன்." அவர் குரல் உயரவில்லை. "நான் இங்கயே நிக்கறேன். ரெண்டு கையையும் வீசிக் கத்தறேன். நீ என்னைப் பாத்து, ஸ்டியரிங்லேர்ந்து விரலைத் தூக்கிட்டுப் போன."

எங்கள் பக்கத்து ரோடுகளில் எதிரே யார் வந்தாலும், ஓரத்தில் யார் நின்றாலும், ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கை விடாமல் ஆள்காட்டி விரலை மட்டும் தூக்குவார். நலமா, போய் வருகிறேன் என்பதெல்லாம் அந்த ஒரு விரல்தான். தெரிந்தவர் தெரியாதவர் பேதம் கிடையாது.

"அன்னையிலேர்ந்து அதைத்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்" என்றார் ரஸ். "நாயைக் கொன்னுட்டு, அதோட ஆளுக்கு விரலைத் தூக்கிக் காட்டிட்டுப் போறான்னா இவன் என்ன பொறப்புன்னு."

கெல்வினின் முகம் வெளுத்தது. "உன்னைப் பாத்தேன்" என்றார். "ஓரத்துல ஒரு ஆளு, கையை ஆட்டறான். நல்லாத் தெரிஞ்சுது. யாரோ பிரியமா ஆட்டறாங்கன்னு நெனச்சேன். நடுவுல என்ன இருந்துச்சுன்னுதான் தெரியல. எனக்கு நடுவுல எதுவும் தெரியாது."

"தெரியாதுன்னா?"

"கண்ணு போச்சு. நடுவுல."

ரஸ் ஓரடி முன்னால் வந்தார். "என் மூஞ்சி தெரியுதா இப்ப?"

"இல்ல. தொப்பி தெரியுது. பூட்ஸ் தெரியுது."

ரஸ் திரும்பி நோலீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாங்கள் தடுத்துப் பேசுவோம் என்று காத்திருந்தார் போல. நோலீன் ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

"அன்னைக்கு நான் கம்பிச் சுருளைத் தூக்கிக்கிட்டு ரோட்டைத் தாண்டிக்கிட்டு இருந்தேன்" என்றார் மெதுவாக. "டிப்பு எனக்கு ஒரு எட்டு முன்னால ஓடுச்சு. ஒரு எட்டு. நான் பின்னால தாவி ஓரத்துக்கு வந்தேன். அதனாலதான் நீ என்னைப் பாத்திருக்க."

நோலீன் கற்களுக்குப் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சட்டைப் பைக்குள் சாவியைப் பிடித்திருந்த கை வெளியே வரவில்லை.

மேற்கிலிருந்து ஒரு மாட்டு லாரி வந்தது. வளைவில் எங்களைப் பார்த்து வேகத்தைக் குறைத்தது. ஓட்டுநர் ஸ்டியரிங்கிலிருந்து விரலைத் தூக்கினார். நான் தூக்கவில்லை. ரஸ் தூக்கவில்லை. கெல்வினின் வலது கை மட்டும், தானாகவே, ஓரத்தில் எதுவோ அசைந்ததற்குப் பதில் வணக்கம்போல இடுப்பு உயரத்துக்கு எழுந்தது. விரலும் நீண்டது. அதை அவர் இடது கையால் எட்டிப் பிடித்துக் கீழே இறக்கினார். லாரியின் சத்தம் முழுக்க அடங்கிய பிறகும் அந்தக் கையை அவர் விடவில்லை.